போகியன்று மிச்சமிருந்த முகம்

போகியன்று விடிவதற்குள் ஊரே புகையில் இருமிக்கொண்டிருந்தது. பழைய பாய், முறம், நைந்த வலை என்று கையில் கிடைத்ததை எல்லாம் கொளுத்தியிருந்தார்கள். கண்ணைக் கசக்கியபடி வாசலில் நின்றுகொண்டு மோகனப்பிரியா ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இன்னும் ஒரே ஒரு முகம். அது கிடைத்துவிட்டால் அவளுடைய வருஷம் முழுசாகிவிடும். நாலு நாளாகவே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முந்தின நாள் அந்தப் பரபரப்பில் மீன் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். புருஷன் பிரபாகரன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தயிர் வாங்கக் கடைக்கு ஓடினான். மாமியார் லோகாம்பாள் ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துப் படுத்தாள்.

போன பொங்கலன்று ஆரம்பித்த வேலை இது. போனில் ஒரு நாளைக்கு ஒரு முகம், எடுத்த முகத்தைத் திரும்ப எடுக்கக் கூடாது. சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டி, கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற உப்பேரிக் கரையில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் யாரெல்லாம் உண்டோ அவர்களில் ஒருவர். முதல் நாள் தன் முகத்தையே எடுத்து ஆரம்பித்தாள், மறுநாள் புருஷன், அதற்கப்புறம் எதிர்வீடு, பக்கத்து வீடு என்று தெருத்தெருவாகப் போனாள். அன்றன்றைக்கு எடுத்ததைச் சாயங்காலம் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பாள். ஊரே அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காரும். காணும் பொங்கலன்று கோயில் திடலில் வெள்ளைத் துணி கட்டி எல்லா முகத்தையும் பெரிதாகக் காட்டுவதென்று பையன்கள் பேசி வைத்திருந்தார்கள். ஒரு நாள் விட்டாலும் காட்டக் கூடாது என்று அவளே சொல்லியும் வைத்திருந்தாள். அவள் சுபாவம் அப்படி.

அவள் தையல்காரி. துணியில் கத்தரி வைத்தால் வைத்ததுதான், படமும் அப்படித்தான் என்பது அவள் கட்சி. ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் அமுக்குவாள். எடுத்த படத்தை அந்த ஆளிடமே காட்டுவாள். சரி என்றால் வைத்துக்கொள்வாள், வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே அழித்துவிடுவாள். இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதற்குக் காரணம் அவளிடம் இருந்த ஒரு தந்திரம். ரெடி, சிரிங்க என்றெல்லாம் சொல்ல மாட்டாள். அப்படிச் சொன்னால் நம் ஆட்கள் விறைத்துக்கொண்டு போலீசுக்குக் காட்டுகிற முகத்தைக் காட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். போனைத் தூக்கி வைத்துக்கொண்டு, நேத்து உங்க வீட்ல இன்னா கொழம்பு என்று கேட்பாள். அவர்கள் யோசிப்பார்கள். யோசனை முடிந்து பதில் வாய்க்கு வருகிற அந்த இடத்தில் அமுக்குவாள். அந்த நொடியில் எந்த முகமும் அழகாகத்தான் இருக்கிறது. இதுல உனக்கு இன்னா வருது என்று பிரபாகரன் கேட்கும்போதெல்லாம் அவள் சந்தோஷம் வருது என்பாள். அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், ஒவ்வொரு பதிலையும் ஆரம்பாக்கம் வரைக்கும் யோசித்துக்கொண்டே போவான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சின்னப்பன் சாகிற வரைக்கும்.

சின்னப்பனுக்கு எண்பதுக்கு மேல். ஆடி மாசத்தில் அவரை எடுத்தபோது, மடவை மீன் கொழம்பு என்று சொல்ல வாயெடுத்த அந்த நிமிஷம் அவர் முகத்தில் அப்படி ஒரு குஷி. ஐப்பசியில் மூச்சிரைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். வீட்டில் இருந்த ஒரே படம் ஆதார் அட்டையில் இருந்ததுதான். அதில் அவர் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போல இருந்தார். பிள்ளைகள் பிரியாவிடம் வந்து அவள் எடுத்த படத்தை வாங்கிப்போய் ஆளுயரத்துக்கு பேனர் அடித்து பஸ் நிறுத்தத்தில் கட்டினார்கள். மேலே கண்ணீர் அஞ்சலி என்று கறுப்பு எழுத்து, கீழே சப்புக்கொட்டிச் சிரிக்கும் சின்னப்பன். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். உயிரோடு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார்கள். பிரியாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஒரு வாரம் கூட நிலைக்கவில்லை. அவள் படம் எடுத்த மறுநாளே பிரகாஷ் என்கிற பையன் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அவன் குடித்திருந்தான் என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கப்புறம் ஆடு வளர்க்கிற லட்சுமியை எடுத்தாள். லட்சுமிக்கு ஒன்றும் ஆகவில்லை, படத்தில் அவளுக்குப் பின்னால் நின்ற வெள்ளாடு மீன் வண்டியில் அடிபட்டுச் செத்தது. ஆட்டுக்கு யாரும் பேனர் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஊர் முடிவு கட்டிவிட்டது. பிரியா போனைத் தூக்கினால் பேனர் நிச்சயம். அவளுக்கு அஞ்சலி ஸ்டூடியோ என்று பேரும் வைத்தார்கள்.

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே விட்டிருப்பாள். பிரியா விடவில்லை. தீபாவளி வந்தது, பெண்களுக்கு ரவிக்கை வேண்டியிருந்தது. முகத்தைக் காட்டினால் ரவிக்கை, இல்லாவிட்டால் ஜாக்கெட் துணி அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டாள். அநியாயம்தான். ஆனால் உயிர் பயத்தையும் புது ரவிக்கையையும் தட்டில் வைத்தால் எது கனம் என்பது அந்தத் தீபாவளிக்குத் தெரிந்துபோனது. ஆண்களில் சாமி கும்பிடாதவர்கள் நாலு பேர் வீம்புக்கு வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து ரோசப்பட்டு மற்றவர்கள் வந்தார்கள். இப்படிப் பிடித்து இழுத்து வந்ததில் கடைசியில் மிச்சம் இரண்டே பேர். ஒருத்தர் அவள் மாமியார். எத்தனை முறை கேட்டாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, போடி வேலையப் பாத்துகினு என்று நகர்ந்துவிடுவாள். இன்னொருத்தன் தமிழ்வேந்தன், பிரபாகரனுக்கு ஊர் முறையில் தம்பி. மங்களூர் பக்கம் விசைப்படகில் வேலை, பொங்கலுக்கு மட்டும் ஊர் வருவான். போனில் கேட்டபோது அதுக்கென்ன அண்ணி, எடுத்துக்கோ என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பிரியா போகிப் புகையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டான் என்று தெரிந்ததும், குளித்துவிட்டுக் கொஞ்சம் படுக்கட்டும் என்று பெரிய மனசு பண்ணிப் பொறுத்தாள். அந்தப் பெரிய மனசுதான் கெடுத்தது. அதற்குள் அவன் பொண்டாட்டி பவித்ராவின் காதில் யாரோ ஆட்டுக் கதையை ஓதியிருந்தார்கள். பிரியா போய் நின்றபோது தமிழ்வேந்தன் தேவதாஸின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான், கழுத்து வரைக்கும் இழுத்துவிட்ட மங்கி குல்லாவோடு. கண் இரண்டு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வாய் டீக்கும் சுவர் பக்கம் திரும்பி, குல்லாவை மூக்கு வரை தூக்கி, உறிஞ்சிவிட்டு இறக்கிக்கொண்டான். கடலில் புயலைப் பார்த்தவன். கையளவு போனுக்கு இப்படிப் பயந்தான்.

பிரியா கெஞ்சினாள், கிண்டல் பண்ணினாள், அவன் சட்டைக்குக் காஜா எடுத்துத் தருவதாகக் கூடச் சொன்னாள். அவன் எழுந்து நடந்தான். அவளும் பின்னாலேயே நடந்தாள். அவன் வேகமாக நடந்தான். கையில் போனோடு அவள் ஓடினாள். பண்டிகை நாளும் அதுவுமாகக் குல்லாக்காரனை ஒரு தையல்காரி துரத்துகிற காட்சியைத் தெருவே நின்று பார்த்தது. தண்ணீர்க் குழாயடியில் பவித்ரா குடத்தை இறக்கிவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

"பிரியாக்கா, ஊர்ல எல்லாரையும் எடுத்த. உங்க மாமியார மட்டும் ஏன் எடுக்கல? அவங்க உசுருன்னா வெல்லம், எங்க வீட்டு உசுருன்னா தவிடா?"

குழாயடியில் இருந்த அத்தனை பேரும் அதற்குப் பதில் வேண்டி பிரியாவைப் பார்த்தார்கள். மாமியார் ஏன் வர மாட்டேன் என்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. பயமாகத்தான் இருக்கும் என்று அவளும் நினைத்திருந்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். மழையிலும் காய்ச்சலிலும், அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் விடாமல் எடுத்தது, கடைசி நாளில் ஒரு கம்பளிக் குல்லாவில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். பொங்கல் ரவிக்கை இன்னும் மூன்று பாக்கி. கொக்கி வைக்க வேண்டிய இடத்தில் பொத்தானைத் தைத்தாள், பிரித்தாள், மறுபடியும் தைத்தாள். பிரபாகரன் வந்து, வேணும்னா என்னையே இன்னொரு தடவ எடேன், மீசைய எடுத்துட்டு வரேன் என்றான். அவள் பார்த்த பார்வையில் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பவித்ரா சொன்னது அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது போலிருந்தது. வீடு கழுவிக்கொண்டிருந்த லோகாம்பாள் துடைப்பத்தை மேலும் மேலும் ஓங்கித் தேய்த்தாள். மதியம் சாய்ந்து ஏரித் தண்ணீர் இறங்குகிற நேரம் வந்ததும் ஆணியில் தொங்கிய பறியை எடுத்தாள். பறி என்பது பனை ஓலையில் பின்னிய குடுவை போன்ற கூடை. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். லோகாம்பாள் கல்யாணமான நாளிலிருந்து செய்கிற வேலை அது.

வாசல் வரை போனவள் நின்றாள்.

"நான் பயந்துகினு கீறேன்னு சொன்னாளாமே, அந்தக் குல்லாக்காரன் பொண்டாட்டி. நீ இன்னா சொன்ன?"

ஒன்றும் சொல்லவில்லை என்றாள் பிரியா.

"எழுந்து வா. எடு. இங்க இல்ல, தண்ணில. பறி என் வாயில இருக்கறப்ப எடுக்கணும். அது இல்லாம எடுத்த, போன ஏரில போட்டுருவேன்."

பிரியாவுக்கு முதலில் சந்தோஷம் மட்டும்தான் வந்தது. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த இரண்டாவது பாதி உறைத்தது. பறி வாயில் இருந்தால் வாய் தெரியாது. கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் மாமியார் முந்தானையால் மூடாமல் சிரித்ததை அவள் பார்த்ததே இல்லை. சாப்பிடும்போது இரண்டொரு தடவை பார்த்திருக்கிறாள். கயிறு இழுத்து இழுத்து முன்பல் இரண்டும் வெளியே தள்ளியிருக்கும், நடுவில் கயிறு உட்காருகிற அளவுக்குப் பள்ளம் தேய்ந்திருக்கும். பேனரும் இல்லை, ஆடும் இல்லை, இந்தப் பொம்பளைக்கு வெட்கம். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற தனக்கு இது தெரியாமல் போனதே என்று பிரியாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

இருவரும் ஏரிக்கு நடந்தபோது தெரு பின்னாலேயே வந்தது. பிரியா நெல் விளைகிற ஊரில் பிறந்தவள், ஏரியில் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை. வயல் சேறு காலை விட்டுவிடும், இந்தச் சேறு விடவில்லை. கிளிஞ்சல் பாதத்தைக் கீறியது. பாலித்தீன் பைக்குள் போட்டுக் கழுத்தில் கட்டியிருந்த போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்கால், தொடை, இடுப்பு என்று இறங்கினாள். குளிர் முதுகுத்தண்டில் ஏறியது. தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. பறவை பார்க்க வருகிறவர்கள் நீளமான கேமராவோடு அதைத்தான் எடுப்பார்கள். பிரியா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

லோகாம்பாள் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்துக்கு மேலே தலை மட்டும், வாயில் கயிறு, முன்னால் மிதக்கும் பறி. கை இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் வேலை செய்தன. தலை ஒரு பக்கம் சாயும், சட்டென்று ஒரு கை மேலே வரும், துள்ளுகிற இறால் பறிக்குள் போகும். பிரியா பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை நாள் இதை எடுக்காமல் எதை எடுத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

மேற்கே கரையில் பனைமர வரிசைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மரங்களின் நிழல் தண்ணீர் மேல் நீண்டு நீண்டு இவர்களை நோக்கி வந்தது. லோகாம்பாள் முகத்தில் மட்டும் இன்னும் வெயில், மஞ்சள் பூசின மாதிரி. பிரியா பையைப் பல்லால் கிழித்துப் போனை எடுத்தாள். கரையிலிருந்து தமிழ்வேந்தன் குல்லாவுக்குள்ளிருந்து, அண்ணி, நெழலு வந்துச்சு, சீக்கிரம் என்று கத்தினான். அவனுக்கு அக்கறை வந்துவிட்டது.

போனைத் தூக்கினாள். தூக்கியதும் மாமியாரின் முகம் மாறிவிட்டது. சேற்றைத் தடவிய கை நின்றது, தலை நிமிர்ந்தது, கண் விரிந்து விறைத்தது. ஆதார் அட்டைக்கு நிற்கிறாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இருந்தவள் எங்கே போனாள் என்றே தெரியவில்லை. நிழல் பறியைத் தொட்டுவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் முகத்தைத் தொட்டுவிடும். ஒரே ஒரு அமுக்கு. இப்படியே அமுக்கினால் வருஷம் முழுசாகிவிடும். ஆனால் இந்த முகத்தோடு முழுசாக வேண்டுமா என்று ஒரு கணம் தடுமாறினாள்.

தடுமாற்றத்தில் வாய் அதன் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"நேத்து இன்னா கொழம்பு அத்தை?"

லோகாம்பாள் யோசித்தாள். யோசித்த மாத்திரத்தில் முந்தின நாளின் உப்பு மொத்தமும் அவள் நாக்கில் வந்து நின்றிருக்க வேண்டும். முதலில் கன்னம் துடித்தது. கயிற்றை இறுக்கிக் கடித்து அடக்கிப் பார்த்தாள். மூக்கு விடைத்தது, கண்ணில் நீர் கட்டியது, தோள் குலுங்கியது. வாயைப் பொத்தக் கை மேலே வந்தது, கை நிறையச் சேறு. அதற்கு மேல் அடங்கவில்லை. கயிறு நழுவியது. பறி கவிழ்ந்தது. லோகாம்பாள் வாயை முழுசாகத் திறந்து, தள்ளிய பல்லும் தேய்ந்த பள்ளமும் வெயிலில் தெரிய, ஏரிக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். சுற்றிலும் இறால்கள் துள்ளித் தப்பித்தன.

பிரியா அமுக்கிவிட்டாள்.

நிழல் வந்து இரண்டு பேரையும் மூடியது. சிரிப்பு நின்றது. லோகாம்பாள் வெறும் பறியைப் பார்த்தாள், கிழக்கே நழுவிப் போகும் தன் சாயங்கால உழைப்பைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள். எடுத்துட்டியா என்று மெதுவாகக் கேட்டாள். வாய் தெரியக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனைதான் மாமியார் வைத்திருந்தாள். படத்தில் வாயைத் தவிர வேறொன்றும் இல்லை. பொய் சொல்லலாம், விழவில்லை என்று சொல்லலாம். சொல்ல வரவில்லை. போனை நீட்டினாள். அழிச்சிடு என்றால் இந்த இடத்திலேயே அழித்துவிட வேண்டும், வருஷமும் அதோடு போகும். அது அவளே போட்ட சட்டம்.

லோகாம்பாள் சேற்றுக் கையை ரவிக்கையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். எட்ட வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். அவள் விரல் தன் முன்பல்லுக்குப் போய், அங்கே இருக்கிற பள்ளத்தைத் தடவிவிட்டு, படத்தில் இருக்கிற பள்ளத்தையும் தொட்டது.

"இவ்ளோ சிரிப்பா எனக்கு" என்றாள்.

பிரியா அழிக்கட்டுமா என்று கேட்டாள்.

"தொட்ட, கைய ஒடிப்பேன். நாளைக்கு நான் போய்ட்டா உன் புருஷன் அந்த ஆதார் படத்தத்தான் தேடி எடுத்து மாட்டுவான். இதத்தான் போடணும், இப்பவே சொல்லி வெச்சிரு. அவசரம் இல்ல."

கரையில் முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை, கடைசியில் பவித்ராவும் சிரித்தாள். தமிழ்வேந்தன் குல்லாவை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணி, அப்ப என்னோடது என்றான். இன்னிக்குக் கோட்டா முடிஞ்சுச்சு, அடுத்த வருஷம் வா என்று பிரியா தண்ணீரிலிருந்தே சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வருஷம் முழுசாகிவிட்டது. அவள் ஏரியில் நின்றபடியே குதித்தாள், சேறு விடாததால் இடுப்புக்கு மேலே மட்டும் குதித்தாள்.

லோகாம்பாள் பறியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இறால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ராத்திரிக்கு முட்டைக் குழம்பு வைக்கலாம் என்றாள், உப்பைத் தானே போட்டுக்கொள்வதாகவும் சொன்னாள். கரையேறி, குழாயடியையும் டீக்கடையையும் தாண்டி, பார்க்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் குழம்புக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் அவள் முந்தானை இடுப்பிலேயே செருகியிருந்தது.